தண்டுத் தமிழரும் வணிகக் கல்வியும்: ரிச்சர்ட்ஸ் டவுன் சூழலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கிறித்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் வணிகம் பயில்வது இன்றைய பெங்களூரில் வியப்புக்குரிய செய்தியன்று. ஓசூர்ச் சாலையிலுள்ள கிறைஸ்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியலுக்கும் மேலாண்மையியலுக்கும் தனித்தனிப் புலங்களே இயங்குகின்றன. ஆயினும் கிறித்தவ உயர்கல்வி, வணிகப் படிப்பு, பல்கலைக்கழகம் என்னும் மூன்றும் இந்நகரில் ஒரே கூரையின்கீழ் வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இத்தாமதத்தின் காரணங்களையும், அதனால் பெங்களூர்த் தமிழர் பெற்றதையும் இழந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் வணிகரின் நெடுநாளைய கணக்கறிவு இக்கல்விக்குள் இடம்பெறவில்லை. அதேவேளையில், அக்கணக்கறிவின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த தமிழர் பலர் இக்கல்வியின் வழியாகவே கணக்கேட்டைக் கையில் எடுத்தனர். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது பாதி வரலாறே ஆகும்.

தண்டும் அதன் குடியிருப்புகளும்

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். அப்படை தங்கிய கண்டோன்மென்ட் பகுதியைக் கன்னடரும் தமிழரும் ‘தண்டு’ என்றே வழங்கினர். தண்டு என்னும் சொல் படையைக் குறிப்பது பழந்தமிழ் வழக்கு. சிவாஜி நகரில் கோயில் கொண்டுள்ள தண்டு மாரியம்மன் பெயரில் இவ்வழக்கு இன்றும் நிலைபெற்றுள்ளது. படையோடு தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர், கடைக்காரர், கொத்தனார், சமையற்காரர், எழுத்தர் ஆகியோரால் தண்டு ஒரு தமிழ் நகரம் போலவே வளர்ந்தது. 1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தண்டு மட்டும் சிவில் மிலிட்டரி ஸ்டேஷன் என்னும் பெயரில் ஆங்கிலேயரிடமே நின்றது. 1947இல்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949இல் தண்டு, பேட்டை ஆகியவற்றின் நகராட்சிகள் ஒரே மாநகராட்சியாயின. பின்னர்க் காணவிருக்கும் கல்வி வரலாற்றுக்கு இவ்வாட்சிப் பிரிவினை ஒரு திறவுகோலாகும்.

1898இல் பரவிய பிளேக்கு நோய்க்குப் பின், நெரிசல் மிகுந்த பகுதிகளுக்கு மாற்றாகக் காற்றோட்டமான குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. பிரேசர் டவுன் அவ்வாறு எழுந்தது. அதனை அடுத்து அமைந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். இப்பெயருக்குரிய எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் தண்டின் கலெக்டராக இருந்தவர். 1909இல் பெங்களூரில் தோன்றிய மிதிக் சொசைட்டி என்னும் ஆய்வுக் கழகத்தின் தொடக்ககாலத் தலைவர். தமிழாய்வாளர்க்கு அவர் வேறொரு வகையில் அறிமுகமானவர். 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட விவரச்சுவடியை எழுதியவர் அவரே.

ரிச்சர்ட்ஸ் டவுனைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் கிறித்தவக் கல்வியின் களமாக இருந்ததை ஈண்டுக் கருத வேண்டும். 1914இல் ரெட்வுட் சகோதரர்கள் தொடங்கிய கிளாரன்ஸ் உயர்நிலைப்பள்ளி இங்கு உள்ளது. அருகிலுள்ள பென்சன் டவுனில் 1910இல் தோன்றிய ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது. இயேசு சபையினரின் இந்திய சமூக நிறுவனமும் பென்சன் டவுனிலேயே அமைந்துள்ளது. பள்ளியும் இறையியலும் சமூக ஆய்வும் நடைத்தொலைவில் கிடைத்த இவ்விடத்தில் வணிகப் பட்டம் மட்டும் நடைத்தொலைவில் கிடைக்கவில்லை.

இரு கணக்கு மரபுகள்

தமிழர்க்கு வணிகக் கல்வி புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாயிற்று. முந்திரி என்பது 1/320, காணி என்பது 1/80, மா என்பது 1/20 எனக் கீழ்வாய் இலக்கங்கள் சிறுவர் நாவில் பதிந்திருந்தன. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், காலம் ஆகியவற்றின் அளவைகளைச் செய்யுளில் வகுத்துத் தந்தது. இது பொதுக் கல்வி. இதற்கு மேல் தொழிற்கல்வி கடையிலேயே நிகழ்ந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பர்மா, மலாயாக் கடைகளில் ஓர் இளைஞன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பின் மேலாளாகக் கடையை நடத்தினான். நடப்பு வட்டிக்கும் தவணை வட்டிக்கும் உள்ள நுண்ணிய வேறுபாடு, பேரேட்டில் பற்றும் வரவும் எழுதும் முறை, ஐந்தொகை எடுக்கும் திறம் ஆகிய எல்லாவற்றையும் அவன் கிட்டங்கியின் பாயில் அமர்ந்தே கற்றான். இன்று மேனேஜரைக் குறிக்க வழங்கும் ‘மேலாளர்’ என்னும் சொல்லோடு அக்கடைகளின் ‘மேலாள்’ என்னும் பதவிப் பெயர் ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்பது சுவையானது.

ஆனால் இக்கல்விக்குத் தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை, எல்லோர்க்கும் இடமும் இல்லை. சாதியும் உறவும் ஊரும் பொருந்தியவனுக்கே பெட்டியடியில் அமரும் வாய்ப்புக் கிட்டியது. பெண்ணுக்கு அது முற்றிலும் அடைக்கப்பட்டிருந்தது. நம் மரபின் கணக்கறிவைப் பற்றிப் பெருமிதத்தோடு எழுதும் கட்டுரைகள் பல இவ்வாயிலின் குறுக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

மேலைநாட்டு மரபுக்கும் சமயத்துக்கும் உள்ள தொடர்பு வேறுவகையானது. இரட்டைப் பதிவு முறையை விளக்கி அச்சில் வந்த முதல் நூலை எழுதிய லூக்கா பச்சோலி பிரான்சிஸ்கன் துறவி. அந்நூல் 1494இல் வெனிசில் வெளிவந்தது. வணிகன் தன் ஏட்டின் தலைப்பில் சிலுவைக் குறியும் இறைவன் பெயரும் இட்டுத் தொடங்க வேண்டும் என்று அவர் அதில் அறிவுறுத்தினார். பிள்ளையார் சுழி இட்டுப் புதுக்கணக்குத் தொடங்கும் நம் வணிகர்க்கு அது விளங்காத செய்தியாக இராது. ஆகவே, கிறித்தவத் துறவியருக்கும் கணக்கேட்டுக்கும் உள்ள உறவு இருபதாம் நூற்றாண்டில் முளைத்தது என்று கருதுதல் பொருந்தாது. இயேசு சபையினர் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் 1852இலேயே வணிகக் கல்லூரி நிறுவினர். அவர்கள் டோக்கியோவில் நிறுவிய சோபியா பல்கலைக்கழகம் 1913இல் வகுப்புகளைத் தொடங்கியபோது மெய்யியல், ஜெர்மானிய இலக்கியம் ஆகியவற்றோடு வணிகவியலும் அதன் துறைகளுள் ஒன்றாக இருந்தது.

அவ்வாறாயின், தென்னிந்தியாவில் தாமதம் நேர்ந்தது ஏன்? இங்கு மிஷன் கல்லூரிகளின் நோக்கம் வேறாக இருந்தது. உயர்குடி மாணவரின் உள்ளத்தை இலக்கியத்தாலும் மெய்யியலாலும் பண்படுத்துதலே தம் பணி என அவை எண்ணின. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வில்லியம் மில்லர் வளர்த்த மரபு இதற்குச் சிறந்த சான்று. கணக்குப் பதிவு, சுருக்கெழுத்து, தட்டச்சு ஆகியவை கையால் செய்யும் தொழில்களாகவே கருதப்பட்டன. சென்னையில் வணிகப் பள்ளிக்கு வித்திட்டது மிஷன் அன்று. ஒரு துபாஷின் அறக்கட்டளை. பச்சையப்ப முதலியாரின் (1754 – 1794) அறக்கட்டளையினர் 1886இல் தொடங்கிய வணிகப் பள்ளி இந்திய வணிகக் கல்வியின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. வணிகத்தால் ஈட்டிய பொருள் வணிகக் கல்விக்கே சென்றது இயல்பானதே. பட்டப்படிப்பு நிலையில் பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரி 1913இல் வந்தது. அதுவும் கிறித்தவ நிறுவனமன்று.

தண்டிலும் வணிகத்தால் உயர்ந்த தமிழர் கல்விக்கு ஈந்துள்ளனர். அட்டாரக் கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரரான ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் நிறுவிய பள்ளியை இவ்வகையில் சுட்டலாம்.

பட்டம் வழங்கும் உரிமை

கிறித்தவக் கல்லூரி வேறு, கிறித்தவப் பல்கலைக்கழகம் வேறு. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எழுதப்படும் கல்வி வரலாறுகள் பல. கல்லூரி கற்பிக்கலாம், என்ன கற்பிக்க வேண்டும் என்பதையும் யார் தேறினர் என்பதையும் முடிவு செய்வது பல்கலைக்கழகமே. இந்தியாவில் இவ்வுரிமை பெற்ற தொடக்ககாலக் கிறித்தவ நிறுவனம் வங்காளத்தின் செராம்பூர்க் கல்லூரி. கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் 1818இல் நிறுவிய இக்கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் அளித்தார். ஆயினும் நடைமுறையில் செராம்பூர் தன் பெயரில் வழங்கியது இறையியல் பட்டங்களையே. பென்சன் டவுனின் ஐக்கிய இறையியல் கல்லூரி செராம்பூரோடு இணைந்தது. எனவே 1950ஐ ஒட்டிய காலத்தில் ரிச்சர்ட்ஸ் டவுனில் வாழ்ந்த ஓர் இளைஞன் கிறித்தவ அதிகாரம் வழங்கும் பட்டத்தை அரைமணி நடையில் சென்று பெறலாம். ஆனால் அது போதகராவதற்கான பட்டம். வணிகப் பட்டம் வேண்டுமெனில் சமயச் சார்பற்ற பல்கலைக்கழகத்தின் முத்திரைதான் அவனுக்கு வேண்டும்.

அம்முத்திரை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதும் கருதத்தக்கது. பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர் 1882இல் பெங்களூரில் நிறுவிய தூய வளனார் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரும், ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியாகிய தண்டின் கல்லூரி சென்னையையே நோக்கி நின்றது. 1937இல் இக்கல்லூரி இயேசு சபையினரிடம் வந்தது. விடுதலைக்குப் பின் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின்கீழும், 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதன்கீழும் அமைந்தது. ஒரே கட்டடத்தில் இருந்தவாறே மூன்று பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களைக் கற்பித்த கல்லூரி தன் விருப்பப்படி ஒரு புதிய துறையை வகுப்பது எளிதன்று.

மாற்றம் அறுபதுகளில் விரைந்தது. 1968இல் இயேசு சபையினர் தூய வளனார் வணிக நிர்வாகக் கல்லூரியைத் தொடங்கினர். பெங்களூரில் இந்திய மேலாண்மைக் கழகம் அமைந்தது 1973இல்தான் என்பதை நோக்க, இம்முயற்சி ஐந்தாண்டுகள் முந்தியதாகும். 1972இல் தூய வளனார் கல்லூரியின் வணிகவியல் பிரிவு பிரிகேட் சாலையில் தனிக் கல்லூரியாயிற்று. இதற்கிடையில் 1969இல், குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா வழிவந்த சி.எம்.ஐ. துறவியர் கிறைஸ்ட் கல்லூரியை நிறுவினர். அது 2004இல் தன்னாட்சியும் 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியும் பெற்றது. தூய வளனார் கல்லூரி 2022இல் பல்கலைக்கழகமாயிற்று. அதனைத் தொடங்கி வைத்தவர் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. செராம்பூரின் 1827 சாசனம் இறையியலோடு நின்றது. 2008இல் கிடைத்த தகுதியோ வணிகப் பட்டத்தையும் கிறித்தவ நிறுவனத்தின் சொந்தப் பெயரிலேயே வழங்க இடமளித்தது.

எழுத்தரிலிருந்து மேலாளருக்கு

இக்கல்வி யாரை உருவாக்கியது? பெயர் வணிகக் கல்வியாயினும் அது உருவாக்கியவர் வணிகர் அல்லர் என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. பெட்டியடிப் பையனுக்கு நாளடைவில் சொந்தக் கடை வைக்கும் நோக்கம் இருந்தது. பி.காம். மாணவனுக்கு இருந்தது வேலை பெறும் நோக்கம். விடுதலையை ஒட்டிப் பெங்களூரில் பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. 1940இல் தோன்றிய இந்துஸ்தான் விமான ஆலையைத் தொடர்ந்து, 1948இல் தொலைபேசித் தொழிலகம், 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவை வந்தன. 1956இல் ஆயுள் காப்பீடும் 1969இல் பெரிய வங்கிகளும் நாட்டுடைமையாயின. சம்பளப் பட்டியல் எழுதவும் சரக்கிருப்புப் பார்க்கவும் தணிக்கைக்குக் கணக்கு ஒப்படைக்கவும் ஆள் வேண்டியிருந்தது. தண்டுத் தமிழர்க்கு ஆங்கிலம் அறிமுகமானது. பட்டமும் சேர்ந்தபோது கதவு திறந்தது.

கோலார் தங்கவயலை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். அச்சுரங்கங்களில் பெரும்பான்மையாக உழைத்தவர் வட தமிழகத்து ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்தம் பிள்ளைகள் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்தனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் அப்பயணம் வாழ்வாதாரமாகவே ஆயிற்று. எந்தக் கிட்டங்கியின் பாயிலும் இடம்பெற்றிருக்க முடியாத குடும்பத்துப் பிள்ளை பேரேட்டைத் திறந்து பற்றையும் வரவையும் ஈடுகட்டக் கற்றது வகுப்பறையில்தான். பெண்களைப் பொறுத்தும் இதுவே உண்மை. 1948இல் பெங்களூருக்கு வந்த மௌண்ட் கார்மல் முதலான மகளிர் கல்லூரிகள் பின்னாளில் வணிகவியலைக் கற்பித்தபோது, கணக்குப்பிள்ளை என்னும் ஆண்பாற் பதவிக்குப் பெண்பால் தோன்றியது.

எழுத்தரை உருவாக்கிய கல்வி மேலாளரை உருவாக்கும் கல்வியாக மாறியதற்குப் பின்னால் கிறித்தவச் சமூக நோக்கும் உண்டு. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடல் முதலாளி, தொழிலாளி உறவை அறச் சிக்கலாக முன்வைத்தது. ஜாம்ஷெட்பூரில் 1949இல் இயேசு சபைத் துறவி குவின் என்ரைட் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே ‘சேவியர் தொழிலாளர் உறவுகள் நிறுவனம்’ என்பதாகும். இன்று எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்னும் சுருக்கப் பெயருக்குள் ‘தொழிலாளர்’ ஓர் எழுத்தாய் ஒடுங்கியிருப்பதைப் பலர் அறியார். சென்னை இலயோலாக் கல்லூரி 1925இல் தொடங்கியது. அதன் வணிக நிர்வாக நிறுவனம் 1979இல்தான் வந்தது. தொழிலாளர் சிக்கலிலிருந்து புறப்பட்ட கல்வி நிறுவன நிர்வாகத்தை நோக்கி நகர்ந்தது என்னும் வரைவைப் பெங்களூருக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

2002இல் உச்சநீதிமன்றம் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் அளித்த தீர்ப்பு, அரசு உதவி பெறாத தனியார் நிறுவனங்கள் தம் கட்டணத்தை வகுத்துக்கொள்ளவும் நியாயமான உபரி ஈட்டவும் இடமளித்தது; கொள்ளை இலாபத்தையும் நன்கொடைக் கட்டணத்தையும் விலக்கியது. உபரிக்கும் இலாபத்துக்கும் உள்ள கோடு எது என்பது கணக்கியல் வகுப்புக்குரிய வினா. அவ்வகுப்பை நடத்தும் நிறுவனத்துக்கும் உரிய வினாவாக அது மாறியது. தங்கவயல் பிள்ளையால் எட்டக்கூடிய கட்டணமா என்பதை ஒவ்வொரு சிறுபான்மை நிறுவனமும் தன் சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டே விடைகூற இயலும். சிறுபான்மையினர் உரிமையை அரசமைப்பின் 30ஆம் உறுப்பு வழங்கியது அச்சமூகத்தின் எளியோரையும் கருதித்தான்.

சொல்லின் வழி

இனித் தமிழுக்கு நேர்ந்ததைக் காணலாம். தமிழ்நாட்டில் மேனிலைப்பள்ளிக் கணக்குப்பதிவியல் நூல்கள் தமிழில் உள்ளன. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு, தேய்மானம், வாராக்கடன், நற்பெயர் என அவை வழங்கும் சொற்களுள் பல கடைத்தெருவிலிருந்து வந்தவை; சில குழுக்களில் ஆக்கப்பட்டவை. ‘வாராக்கடன்’ என்பதைக் கேட்ட அளவிலேயே பொருள் விளங்கும். வணிகர் பயின்ற ‘ஐந்தொகை’யை நீக்கி ‘இருப்புநிலைக் குறிப்பு’ என்று நீட்டியது தேவைதானா என்பது விவாதத்துக்குரியது. எவ்வாறாயினும் அங்குச் சொற்கள் உயிருடன் உள்ளன. 1960இல் கோயம்புத்தூர் அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்புத் தொடங்கியதிலிருந்து அவற்றுக்குக் கல்லூரியிலும் புழக்கம் உண்டாயிற்று.

பெங்களூரில் நிலை வேறு. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் பி.காம். பாடத்திட்டத்தில் தமிழ் மொழிப்பாடமாக இடம்பெற்றது. மாணவர் செய்யுளும் சிறுகதையும் பயின்றனர். அடுத்த மணியில் ஆங்கிலத்தில் கணக்கியல் பயின்றனர். இரண்டு வகுப்புகளும் ஒன்றையொன்று அறியாமலே நடந்தன. தாத்தா கடையில் எழுதிய பேரேடும் தான் கல்லூரியில் எழுதும் லெட்ஜரும் ஒன்றே என்பதைப் பேரனுக்குச் சொல்ல அக்கால அட்டவணையில் ஒரு மணி நேரமும் இல்லை.

இதில் ஒரு முரண் உள்ளது. தமிழுக்கு அகராதிக் கலையில் புதுநெறி காட்டியவர் இயேசு சபைத் துறவியாகிய வீரமாமுனிவர். 1732இல் சதுரகராதியைத் தந்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, அதற்கெனக் கலைச்சொற்களையும் ஆக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மறையையும் மருத்துவத்தையும் தமிழில் சொல்ல இயன்ற மிஷன் மரபுக்கு வணிகத்தைத் தமிழில் சொல்லும் தேவை எழவில்லை. மருத்துவர் நோயாளியோடு பேசியாக வேண்டும். எழுத்தர் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதினால் போதும். அம்மேலதிகாரியின் மொழி ஆங்கிலம். மொழியைத் தீர்மானித்தது கற்பித்தவர் மனம் மட்டுமன்று, கற்றவன் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது என்பதும்தான்.

வணிக அறம் என்பது இன்று மேலாண்மைக் கல்வியில் ஒரு தாள். கிறித்தவ நிறுவனங்கள் தம் தனித்தன்மை இத்தாளிலேயே துலங்குவதாகக் கருதுகின்றன. கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமலும் நடுவுநிலையில் நின்ற வணிகரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகர்க்கு வணிகம் என்னும் கருத்தைத் திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைக்கிறது. இவற்றை மொழிப்பாடத்தில் படிக்கும் மாணவனே அடுத்த அறையில் வணிக அறத்துக்கு மேலைநாட்டு நிறுவனங்களின் எடுத்துக்காட்டுகளைப் படிக்கிறான். தமிழ்த் துறையும் வணிகவியல் துறையும் ஒரே வளாகத்தில் இயங்கும் கல்லூரிகள் பெங்களூரில் உள்ளன. பல்கலைக்கழகத் தகுதி பெற்றவற்றுக்குப் பாடத்திட்டம் வகுக்க வேறு எவருடைய இசைவையும் நாட வேண்டியதில்லை. தண்டின் பழைய கடைகளிலும் குடும்பங்களிலும் எஞ்சியுள்ள தமிழ்க் கணக்கேடுகளைத் தேடித் தொகுத்து, அவற்றின் சொற்களைப் பட்டியலிட்டு, பி.காம். முதலாண்டு மொழிப்பாடத்தில் ஓர் அலகாக வைக்கலாம். அதற்கு அவ்வேடுகளின் பழந்தமிழ் எண்களைப் படிக்கத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவரும், இரட்டைப் பதிவு அறிந்த வணிகவியல் ஆசிரியர் ஒருவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும்.